நலங்குத் தண்ணீருக்கு வாய்தா

எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம்.

திண்டிவனம் முன்சீப் கோர்ட்டில் ஜட்ஜு ஐயா காகிதக் கட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொல்லும் சொல் அது. 'புட் ஆஃப்.' முதல் விசாரணைக்குப் போய்விட்டு ஒலக்கூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த அப்பா, வாசலில் கால் கழுவிக்கொண்டே, "கேசு புட்டாப் ஆயிடுச்சி" என்றார்.

"செயிச்சிட்டமா?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"அதில்ல கெங்கம்மா. வேற நாளிக்கி வெச்சிட்டாங்க. அதுக்குப் பேரு புட்டாப்பு."

அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மேகம் கூடிக் கலைந்தால் மழை புட்டாப். எருமை உதைத்துவிட்டால் பால் புட்டாப். அம்மா குழம்பு வைக்கச் சலித்துக்கொண்டால் அன்றைக்குக் குழம்பு புட்டாப், கேப்பைக் களிக்கு மோர்தான். ஊரில் எங்களைப் 'புட்டாப் வூட்டுக்காரங்க' என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வழக்கு வைத்திருக்கிற மற்ற எல்லாரும் வாய்தா என்றுதான் சொல்வார்கள். அப்பா வாயில் அது மட்டும் வராது. ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. வாய்தா என்றால் வாங்க வேண்டும். வாங்கினால் வாங்கியவன் யார் என்ற கேள்வி வரும். புட்டாப் அப்படியில்லை. மழை மாதிரி, காய்ச்சல் மாதிரி, அது பாட்டுக்கு ஆகும். யாரும் செய்ததில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம்.

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா ஒரு கிணறு வெட்டினார். நிலத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் பாகம் பிரித்தபோது கிணறு இருந்த துண்டு சித்தப்பாவுக்குப் போயிற்று. சித்தப்பா பெயர் சீனுவாசன். என் அப்பா பெரியதம்பி மூத்தவர். "மூணு நாள் தண்ணி பெரியவனுக்கு, மூணு நாள் சின்னவனுக்கு, ஒரு நாள் கெணத்துக்கு ஓய்வு" என்று தாத்தா வாயால் சொன்னார். பாகப் பத்திரத்தில் அதை எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் இப்படித்தான் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், மாரடிப்பது நாம்.

தாத்தா போன பிறகும் பல வருஷம் முறை ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு நாள் அப்பாவின் மாடு கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்துவிட்டு வரும்போது சித்தப்பாவின் கேப்பை நாற்றை மிதித்துவிட்டது. சித்தப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்கெணத்துல தண்ணி எடுத்துக்கினு எந்நாத்தையே மிதிக்கிறியா?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டார். அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் திண்டிவனம் போய் வக்கீலைப் பார்த்து வழக்குப் போட்டார். இரண்டு பேரும் ஒரே சூளையில் வெந்த செங்கல். அப்பா 'ஏண்டா அப்படிச் சொன்னே' என்று கேட்கவில்லை. தம்பி 'ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்' என்று வரவில்லை.

வழக்கு முடியும்வரை இரண்டு தரப்பும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவாயிற்று. அமீனா வந்து தமுக்கடித்துச் சொல்லிவிட்டுப் போனார். கிணறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வானம் பார்த்து மல்லாட்டைக் கடலை போட்டார்கள். குடிக்க ஊர்ப் பொதுக்கிணறு இருந்ததால் யாரும் சாகவில்லை. வழக்கால் காய்ந்தது நான்தான்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற காலையில் நலங்கு வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் குடும்பக் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அப்பாவின் அக்கா தங்கைகள் எல்லாரும் அதில் குளித்துத்தான் போனார்கள். வேறு தண்ணீர் ஊற்றினால் பிறந்த வீட்டுத் தொடர்பு அறுந்துவிடும் என்பார்கள். பருவம் வந்ததுமே என்னை என் மாமன் மகன் விருத்தாசலத்துக்குப் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. அவர் விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். அது முப்பத்தாறாம் வருஷம். வழக்குப் போட்டதும் அதே வருஷம்தான். வழக்கு புட்டாப் ஆக ஆக, கிணறு புட்டாப், நலங்கு புட்டாப், நானும் புட்டாப்.

மாமா, அதாவது விருத்தாசலம், பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருக்க, தூரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தாலும் கரி வாசனை போகாது. எனக்கு அது பிடிக்கும். எங்கள் வீட்டுச் சொல்லைக் கேட்டு ஒரு தடவை வயிறு வலிக்கச் சிரித்தார்.

"ரயில்வேல அந்தச் சொல்லு வேற மாரி அத்தை. டிக்கெட் இல்லாதவன டிடிஆர் நடுவழி ஸ்டேஷன்ல எறக்கி வுட்டாருன்னா, அதுவும் புட்டாப்பு தான். வெளக்க அணைச்சாலும் புட்டாப்பு. எங்க ஷெட்டுல ஒரு தொரை இருந்தாரு, கருவாட்டு நாத்தம் வந்தா மூக்கப் புடிச்சிக்கினு அதையே சொல்லுவாரு. சாப்புட மனசு வரலியாம்."

"ஒரே சொல்லுக்கா இத்தினி?" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாமே எனக்கு ஆயிடுச்சி. நாள் தள்ளிப் போச்சி. நடுவழில எறக்கி வுட்டாச்சி. ஊரு என்னைப் பாத்து மூக்கப் புடிச்சிக்குது. இன்னும் வெளக்கு ஒண்ணுதான் பாக்கி" என்றேன். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படிப் பேசியது எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் வயதுப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தாய்வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். "காந்திமதி, கேசு இன்னா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு உதட்டைச் சுழிப்பார்கள். கேட்பவள் வாயில் கேப்பைக் களியை அடைக்க வேண்டும் போலிருக்கும்.

ஜெர்மன்காரன் சண்டை மூண்டு நாலாம் வருஷம் தையில், பொங்கலுக்கு வந்த மாமாவின் முகம் சரியில்லை. பட்டாளத்துக்காக வெளிதேசத்தில் ரயில் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம். அவருக்கும் உத்தரவு வந்துவிட்டது. மாசி பிறந்ததும் கிளம்ப வேண்டும்.

"வீரம்மா அண்ணி இன்னா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள். வீரம்மாள் அவருடைய தாயார்.

"கல்யாணம் ஆவாம சண்டைக்கி அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. காந்திமதிக்கி தோதுப்படலன்னா கண்டாச்சிபுரத்துல ஒரு பொண்ணு இருக்குதாம். தை கடைசிக்குள்ள முடிக்கணுமாம்." என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு இவதான் வேணும் அத்தை. இத்தினி வருசம் இருந்துட்டேன். ஆனா எங்கம்மா அழுவறத என்னால பாக்க முடியல."

அம்மா அப்பாவிடம் போய் நின்றாள். பொதுக்கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடலாம் என்று கெஞ்சினாள். அப்பா ஒரே பிடியாக நின்றார். "எங்கெணத்துத் தண்ணி இல்லாம எம்பொண்ண அனுப்பினா, கெணறு எந்துல்லன்னு நானே ஒத்துக்கின மாரி ஆயிடும். வர்ற வாய்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வர்ற தேதில தீர்ப்பாயிடும்" என்றார்.

அந்தத் தேதிக்கு முன்னால் அப்பாவுக்கு முறைக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். வீட்டு ஆள் யாராவது வந்து சொன்னால் நல்லது என்று வக்கீல் குமாஸ்தா சொல்லியனுப்பினார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மாவும் நானும் ஒலக்கூரில் ரயில் ஏறித் திண்டிவனம் போனோம். கோர்ட்டை நான் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். இவ்வளவு வருஷம் என் தலையில் உட்கார்ந்திருந்த கட்டடம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் சித்தப்பா உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பிசைந்த கையோடு எழுந்துவிட்டார். பேச்சு வார்த்தை அற்றுப்போன வீடு. இருந்தாலும் அம்மாவைப் பார்த்தால் எழுந்து நிற்கிற பழக்கம் போகவில்லை.

"அண்ணனுக்கு இன்னா அண்ணி?"

"காச்சல்."

"இந்த வாட்டி நெசமாவே காச்சலா?"

அம்மா முறைத்தாள். "இதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒவ்வொரு வாட்டியும் ஏதாவது ஒண்ணு சொல்லுவாரு அண்ணனோட வக்கீலு. சாட்சி ஊர்ல இல்லம்பாரு. காயிதம் வரலம்பாரு. நான் ஒவ்வொரு வாட்டியும் சோத்த கட்டிக்கினு வந்து ரெடியா குந்திக்கினு கீறேன். நான் ஒருவாட்டி கூட நாள் கேட்டதில்ல. வேணும்னா எங்க வக்கீல கேளுங்க."

அம்மா நம்பவில்லை. "வாய்க்கு வந்தத பேசாதீங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி. நாக்கைக் கடித்துக்கொண்ட அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

சேவகன் அப்பா பெயரைக் கூப்பிட்டான். எங்கள் வக்கீல் எழுந்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ஒரு எழுத்தும் புரியவில்லை. கடைசியில் 'புட் ஆஃப்' மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. ஜட்ஜு ஐயா சொல்லவில்லை. எங்கள் வக்கீல் சொன்னார். கேட்டவர் எங்கள் வக்கீல். ஜட்ஜு ஐயா சலிப்போடு சித்தப்பாவின் வக்கீலைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். ஜட்ஜு ஐயா காகிதக் கட்டை நகர்த்தப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமும் எங்கேயோ வானத்திலிருந்து விழுந்த புட்டாப், எங்கள் வீட்டிலிருந்தே கிளம்பி, ரயில் ஏறி, இங்கே வந்து, மறுபடி எங்கள் வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

"வேணாங்க! புட்டாப் வேணாங்க!" என்று கதவோரத்திலிருந்து கத்திவிட்டேன்.

சேவகன் ஓடி வந்தான். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஜட்ஜு ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "யாரம்மா நீ? வாதியா, பிரதிவாதியா?"

"வாதியோட பொண்ணுங்க."

"வாதியின் பெண்ணுக்கு இங்கே பேச இடமில்லை."

"தெரியுங்க. இந்த கேசு முடிஞ்சாதான் எனக்கு கல்யாணம். மாப்புள மாசி பொறந்தா சண்டைக்கி போறாரு. எங்கப்பாவுக்கு காச்சல் நெசம் தாங்க. அது எறங்கிடும். நாள் நிக்காதுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜு ஐயா சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பின்னோக்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட எங்கள் வக்கீலின் தலை தாழ்ந்துகொண்டே போனது. அடுத்த வாரமே தேதி, அதுதான் கடைசி, வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி என்று இரண்டு பாஷையிலும் சொன்னார். தள்ளுபடி என்றால் வழக்கே செத்தது என்று அர்த்தம். அது எங்கள் ஊர் மாட்டுக்குக்கூடத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். அப்பா கம்பளிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நீ தான் நாள் கேட்டியா?" என்று அம்மா கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நீ என்றாள்.

அப்பா மறுபடி படுத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை. வந்ததெல்லாம் வெறுப்புத்தான். தோற்றுவிடுவோம் என்று பயந்து, என்னைக் கிணற்றங்கரையில் கட்டிப் போட்டுவிட்டு, கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து நாளைக் கடத்தியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் விட்டும் விடாமலும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா கூண்டில் ஏறித் தாத்தா சொன்னதைச் சொன்னார். எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பிறகு சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றினார்கள். அப்பா இரண்டு காதையும் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டார். குளிர் என்று நினைத்தேன்.

எங்கள் வக்கீல் கேட்டார்: "மூன்று நாள் தண்ணீர் அண்ணனுக்கு என்று உங்கள் தகப்பனார் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாருங்க" என்றார் சித்தப்பா.

எங்கள் வக்கீல் அடுத்த கேள்விக்கு வைத்திருந்த காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஜட்ஜு ஐயா முன்னால் குனிந்தார். "அப்புறம் ஏன்யா இத்தனை வருஷம் மறுத்தாய்?"

"நான் எங்கீங்க மறுத்தேன்? கெணறு பத்திரப்படி யாருதுன்னு வக்கீலு கேட்டாரு, எந்துன்னேன். அத வெச்சி அவரு எழுதிக்கினாரு. தண்ணி முறைய பத்தி என்னை யாரும் ஒரு வார்த்த கேக்கல. எங்கண்ணன் அன்னிக்கே எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, காலுல வுழுந்து தந்திருப்பேன். அவரு கேக்கல. நோட்டீசு வுட்டாரு. சரி, கோர்ட்டுல கேப்பாங்க, அங்கயே சொல்லிக்கலாம்னு வந்து வந்து குந்தியிருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் என்னை கூப்புடறதுக்குள்ள புட்டாப் ஆயிடுது."

அப்பாவின் காதில் விழவில்லை. கட்டிய துண்டோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் தோளைத் தொட்டுத் துண்டை அவிழ்த்து, "சித்தப்பா ஆமான்னு சொல்லிட்டாருப்பா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்தபோது அவர் முகம் போன போக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. அன்றே எங்கள் பக்கம் தீர்ப்பாயிற்று.

திரும்பி வருகையில் அப்பா ஒலக்கூரில் இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்.

"கெணறு போயிடும்னு நான் பயப்படல காந்திமதி. என் தம்பி, நான் தூக்கி வளத்த புள்ள, சாமி மேல சத்தியம் பண்ணிட்டு எங்கப்பன் சொல்லலன்னு பொய் சொல்லுவான், அத எங்காதால கேக்கணுமேன்னு பயம். இன்னிக்கி வேணாம், அடுத்த வாட்டி கேட்டுக்கலாம், அடுத்த வாட்டி கேட்டுக்கலாம்னு... இப்பிடியே ஓடிப் போச்சி."

எனக்குக் கோபம் போய்விடவில்லை. பருவம் வந்ததிலிருந்து என் வயசெல்லாம் அந்தப் பயத்துக்குத்தானே தீனியாகப் போயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

தை முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். நலங்கு வைக்கிற காலையில் அப்பா குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். சித்தப்பாவும் கோவிந்தம்மா சித்தியும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அப்பா இறக்கிய குடம் தண்ணீரைத் தொடவில்லை. பாசி படிந்து கெட்டியாகக் கிடந்தது. சித்தப்பா வந்து கயிற்றை வாங்கி, குடத்தால் பாசியை இரண்டு பக்கமும் தள்ளி, அமுக்கி எடுத்தார். பச்சைத் தண்ணீர். வருஷக்கணக்கில் இலையும் தழையும் செத்த தவளையும் ஊறிய தண்ணீர். குடம் மேலே வந்ததும் சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கோர்ட்டுக்குப் பயந்து ஒரு குடம்கூட எடுக்காமல் இரண்டு பேரும் காத்துவந்த கிணறு.

அப்பா குடத்துக்குள் பார்த்தார். "இத எப்பிடி பொண்ணு தலைல ஊத்தறது? தண்ணிய எறச்சிட்டு, தூர் வாரி, புது ஊத்து வரட்டும். ஒரு பதினஞ்சி நாள் தள்ளி..."

"அப்பா!" என்றேன்.

அவர் குடத்தைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

"ஊத்துங்க" என்று கிணற்றடியில் போட்டிருந்த மனையில் உட்கார்ந்தேன். அம்மா மஞ்சள் பூசினாள். சித்தி அழுதுகொண்டே குடத்தைச் சாய்த்தாள். கண்ணையும் மூக்கையும் இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படியும் வாய்க்குள் போய்விட்டது. அந்தக் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பா கேட்டார்.

"தண்ணி எப்பிடிம்மா கீது?"

"நல்லாதாம்ப்பா கீது" என்றேன்.

விழுப்புரத்தில் கல்யாணம் நடந்தது. வீரம்மா அத்தை என் தலையை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சீயக்காய் அரைக்கப் போனாள். மாமாவும் நானும் சேர்ந்து இருந்தது ஒரு வாரம்கூட இல்லை. இத்தனை வருஷம் பொறுத்ததற்கு அதுதான் கூலி. நான் பேசியது கொஞ்சம், அழுதது கொஞ்சம், அவருடைய சட்டைகளைத் துவைத்துக் கரி வாசனையைப் போக்காமல் வைத்திருக்கப் பார்த்தது கொஞ்சம்.

அவர் கிளம்புகிற காலை, ஜங்ஷனில் பட்டாள வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அப்பாவும் அம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். மாமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு போர்ட்டர், முன்னால் ஏதோ வண்டி தடம் புரண்டு நிற்கிறதாம், இது இப்போது கிளம்பாது என்று சொல்லிக்கொண்டு போனான்.

"இன்னாங்க சொல்றான்?" என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். "புட்டாப்" என்றார்.

அந்தச் சொல்லை என் வாழ்நாளில் அதுவரை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. என் இளமையைத் தின்ற சொல் அது. அன்றைக்கு அதைக் கேட்டதும் ஒலக்கூர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மத்தியானம்வரை வண்டி நின்றது. அவருக்கு அவருடைய தட்டிலேயே சோறு போட்டுக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வண்டி கிளம்பாதவரை அவர் போகவில்லை. போகாதவரை ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று என் உதடு தானாக முணுமுணுத்தது. திரும்பினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைக்கொடியோடு கார்டு வண்டியின் பின்பக்கம் நடந்தார். என் பிடி கம்பியை விடவில்லை. அப்போது அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கார்டு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். இத்தனை வருஷம் வக்கீலை விட்டுக் கேட்டவர் அன்று தன் வாயால் கேட்டார்.

"ஐயா, ஒரே ஒரு புட்டாப்பு குடுங்க ஐயா. எம்பொண்ணுக்காக. இது தான் கடைசி."

கார்டு என்னவோ சொல்லி அவரை மெதுவாக விலக்கிவிட்டு விசில் ஊதினார்.

சண்டை முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் வெடி போட்டார்கள். மாமா இன்னும் வரவில்லை. உயிரோடு இருக்கிறார், தபால் கார்டு வருகிறது. ரயில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது அடுத்த மாசம் என்று ஒரு கார்டு, அதற்கடுத்த மாசம் என்று இன்னொரு கார்டு. கடைசியாக வந்ததை அஞ்சல்காரரே படித்துக் காட்டினார். மறுபடி தள்ளிவைத்துவிட்டார்களாம்.

எங்கள் குடும்பக் கிணற்றைத் தூர் வாரியாயிற்று. அப்பாவும் சித்தப்பாவும் முறை போட்டு இறைக்கிறார்கள். மாசம் ஒருமுறை அப்பா ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறி விழுப்புரத்துக்கு வருவார். தளும்பியது போக அரைக்குடம்தான் மிஞ்சும். அன்றைக்கும் வந்திருந்தார். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுவதைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுவாத காந்திமதி. வாய்தா தான் வாங்கிக்கினு கீறாங்க. தள்ளுபடி ஆவலியே."